நீட்சிக்கு உதவி: இலவசத்திலா, காசு கொடுத்ததிலா?

மொரீஷியஸில் எங்கள் கோயில் இணையதளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் ஓடுகிறது. அதில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு மென்பொருள்தான் நீட்சி (plugin). காவடிக்குப் பெயர் பதியும் படிவம் இலவச நீட்சி. நன்கொடைக்கு உள்ளது காசு கொடுத்து வாங்கியது.

இலவசத்தில், நீட்சியை எழுதியவருக்கு நேரம் இருந்தால்தான் உதவி மன்றத்தில் பதில். அவர்மேல் கோபப்படுவது நியாயமில்லை. பழைய கேள்வி பதில்கள் எல்லார் கண்ணுக்கும் தெரிவதால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். கேட்கும்போது பதிப்பு எண்ணையும் பிழைச் செய்தியையும் சேர்த்து எழுதுங்கள்.

பணம் கைமாறும் இடத்துக்குக் காசு கொடுத்ததையே எடுப்பேன். தனியாக டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போடலாம். ஆனால் உரிமம் பெரும்பாலும் ஒரு வருடம்தான். புதுப்பிக்காவிட்டால் உதவியும் அப்டேட்டும் நின்றுவிடும். அப்புறம், குழு கலிபோர்னியாவில் இருந்தால் தைப்பூச நேரத்தில் 12 மணி நேர வித்தியாசம். ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள்.