நாய்க்கு டயாலிசிஸா, வீட்டு டிரிப்ஸா?

எங்கள் நாய் மணியின் ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, 5.6 என்று வந்த அன்று சாயங்காலம், வீட்டில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மனுஷங்களுக்குப் பண்றாங்கல்ல, நாய்க்கும் டயாலிசிஸ் பண்ணிட வேண்டியதுதானே?" என்றார் சித்தப்பா. கேட்டதில் தப்பில்லை. சென்னை வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே நாய்களுக்கு ஹீமோடயாலிசிஸ், அதாவது ரத்தத்தை மெஷினில் சலிக்கும் சிகிச்சை, செய்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எதிர்வீட்டு பிளாக்கி டயாலிசிஸால்தான் பிழைத்தது. அப்படியிருந்தும் மணிக்கு நாங்கள் அதைச் செய்யவில்லை.

பிளாக்கிக்கு அப்போது நான்கு வயது. ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல், பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை ஓடி விளையாடிய நாய் வியாழக்கிழமை வாந்தியோடு படுத்துவிட்டது. ஒன்றுக்குப் போவதே நின்றுவிட்டது. மணியின் கதை வேறு. வயது 12. ஒரு வருஷமாகவே தண்ணீர்ச் சட்டியைக் காலி செய்துகொண்டிருந்தது. ராத்திரி இரண்டு முறை கதவைப் பிறாண்டி வெளியே போனது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. வெயில்தான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். இரண்டு நாய்க்கும் தாளில் இருந்த எண் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் பிளாக்கியுடையது அடிபட்ட சிறுநீரகம், மணியுடையது தேய்ந்துபோன சிறுநீரகம்.

சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணைவிட இந்த வித்தியாசம்தான் முக்கியம். சிறுநீரகத் திறனில் சுமார் முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் அளவு மேலே ஏறும். ஐரிஸ் என்ற சர்வதேசக் குழு நாய்களுக்கு வகுத்த அளவுகோலில் 1.4க்குக் கீழே முதல் நிலை, 2.8 வரை இரண்டாம் நிலை, 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. இது நாள்பட்ட நோய்க்கான கணக்கு. உடம்பில் நீர்ச்சத்து சரியாக இருந்து, நாய் நிலையாக இருக்கும்போது எடுத்த எண்ணுக்குத்தான் பொருந்தும். வாந்தியெடுத்து வற்றிப்போய் வந்த நாயின் முதல் தாளைப் பார்த்து 'நாலாவது ஸ்டேஜ்' என்று கை விரிப்பது அவசரம்.

அடிபட்டதா, தேய்ந்ததா என்பதை வயிற்று ஸ்கேன் ஓரளவுக்குக் காட்டிக்கொடுக்கும். தேய்ந்த சிறுநீரகம் சுருங்கி, ஓரம் மேடுபள்ளமாகத் தெரியும். கூடவே ரத்தசோகையும், பல மாத எடைக் குறைவும் இருக்கும். திடீரென்று அடிபட்டது வழக்கமான அளவிலோ, சற்று வீங்கியோ இருக்கும்.

மெஷின் வழி: ஹீமோடயாலிசிஸ்

ஒரு சின்ன வரலாறு. டயாலிசிஸ் மனிதர்களிடமிருந்து நாய்க்கு வந்ததல்ல. 1913இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் ஜேக்கப் ஏபெலும் சகாக்களும் உயிருள்ள உடம்பின் ரத்தத்தை வெளியே எடுத்துச் சலித்துத் திருப்பி அனுப்பிக் காட்டியது நாய்களில்தான். ரத்தம் உறையாமலிருக்க அட்டைப்பூச்சியிலிருந்து எடுத்த ஹிருடினைப் பயன்படுத்தினார்கள். மனிதனுக்கு முதல்முறை செய்தது ஜெர்மனியில் கேயார்க் ஹாஸ், 1924இல். ஆக, நாய் இதற்குப் புதிதில்லை.

இன்றைய முறை இது. கழுத்து நாளத்தில் இரட்டைக் குழாய் ஒன்றைப் பொருத்துகிறார்கள். ஒரு பக்கம் ரத்தம் வெளியே வரும், சல்லடை வழியாகப் போகும், மறுபக்கம் உடம்புக்குள் திரும்பும். ஒரு அமர்வு மூன்று முதல் ஐந்து மணி நேரம். பெரும்பாலான நாய்கள் மயக்க மருந்து இல்லாமலே படுத்துக் கிடக்கும். பிளாக்கி பாதி நேரம் தூங்கியதாக எதிர்வீட்டு அக்கா சொன்னார். மெஷினுக்குள் நிமிடத்துக்கு 500 மில்லி சுத்திகரித்த நீர்க்கரைசல் ஓடினால், நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் வேண்டும். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் வகையறாக்கள் கொஞ்சமும் மிஞ்சாமல் அது சுத்தமாக இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் இந்த வசதி இல்லாததற்கு மெஷின் விலையோடு இதுவும் ஒரு காரணம்.

ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் அமர்வில் யூரியா என்ற கழிவை வேகமாக இறக்கினால் மூளை வீங்கி வலிப்பு வரலாம். அதனால் வேண்டுமென்றே மெதுவாக, குறைவாகச் செய்வார்கள். "முதல் நாள் பெரிசா இறங்கலையே" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்தது ரத்தக் கணக்கு. 14 கிலோ நாயின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றேகால் லிட்டருக்குள்தான். அதில் ஒரு பங்கு எப்போதும் குழாய்களில் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள நாய்க்கு இது லேசான விஷயமில்லை. இரண்டு மூன்று கிலோ உள்ள குட்டி இனங்களுக்கு இன்னும் கஷ்டம். கழுத்துக் குழாயில் கிருமித் தொற்றும் ரத்தக்கட்டும் எந்நேரமும் காத்திருக்கும்.

அடிபட்ட சிறுநீரகத்துக்கு இத்தனையும் தகும். சிறுநீரகம் தன்னைச் சரிசெய்துகொள்ள இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை உயிரைப் பிடித்துவைப்பதுதான் மெஷினின் வேலை. சிறுநீர் நின்று பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம், அப்போது வேறு வழியும் இல்லை. பிளாக்கியை முதலில் கூட்டிப்போன கிளினிக்கில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியபடி "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே ஓட்டிவிட்டார்கள். ஒன்றுக்கே போகாத நாய்க்கு மேலும் மேலும் டிரிப்ஸ் ஏற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குத்தான் போகும். நான்காம் நாள் டயாலிசிஸுக்குப் போனபோது அதற்கு மூச்சே வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

தேய்ந்த சிறுநீரகத்துக்கு இதே மெஷினை வைத்தால் வாரம் இரண்டு மூன்று முறை, கடைசிவரை. ஒவ்வொரு முறையும் பயணம், காத்திருப்பு, ஊசி. மெஷின் கழிவை எடுக்கும், ஆனால் ரத்த அணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்ற, சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோனைத் தராது. அதனால் ரத்தசோகைக்குத் தனியாக மருந்து வேண்டும். மனிதர்களாவது மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருந்தபடி இதைச் செய்துகொள்கிறார்கள். நாய்களில் அந்த அறுவை சிகிச்சை, உடம்பு உறுப்பை நிராகரிப்பதால், நடைமுறைக்கு வரவில்லை. வெளிநாட்டில் பணமும் மையமும் பக்கத்திலேயே இருக்கிறவர்கள் மாதக்கணக்கில் செய்வதுண்டு. செய்யலாம்தான். மணிக்கு நான் செய்ய மாட்டேன்.

வயிற்று வழி

பெரிட்டோனியல் டயாலிசிஸில் மெஷின் கிடையாது. வயிற்றுக்குள் குழாய் வைத்து, வெதுவெதுப்பான சர்க்கரைக் கரைசலை விட்டு, அரை மணியோ ஒரு மணியோ ஊறவைத்து வடிக்க வேண்டும். வயிற்றின் உள்சவ்வுதான் சல்லடை. ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 30 முதல் 40 மில்லி. 14 கிலோ நாய்க்குச் சுமார் அரை லிட்டர். ஆரம்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரி பகலாக. அதாவது ஒரு ஆள் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மனிதர்கள் இதை வீட்டிலேயே நாளுக்கு நான்கு முறை செய்துகொள்கிறார்கள் என்பதால் நாய்க்கும் வீட்டில் செய்யலாமே என்று தோன்றும். நடக்காது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத்திரை குழாயைச் சுற்றி அடைத்துவிடும், வடிகிற நீரோடு புரதம் போய் உடம்பு வீங்கும், நாய் குழாயைக் கடிக்கும், கொஞ்சம் சுத்தம் தவறினாலும் வயிறு முழுக்கச் சீழ் பிடிக்கும். ஹீமோடயாலிசிஸ் மையம் எட்டாத ஊரில், அடிபட்ட சிறுநீரகத்தோடு வரும் சின்ன நாயைச் சில நாள் காப்பாற்ற இது நல்ல ஆயுதம். நாள்பட்ட நோய்க்கு இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தோலுக்கடியில் ஆர்.எல்.

மணிக்கு டாக்டரம்மா எழுதிக்கொடுத்தது இதுதான்: ஒருநாள் விட்டு ஒருநாள் 200 மில்லி ரிங்கர் லாக்டேட் (ஆர்.எல். என்ற உப்புக் கரைசல்), தோலுக்கடியில். இதை டயாலிசிஸுக்குப் பதிலாகச் செய்யும் மலிவுப் பதிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இது ரத்தத்திலிருந்து எந்தக் கழிவையும் சலித்து எடுக்காது. தேய்ந்த சிறுநீரகத்தால் சிறுநீரைக் கெட்டியாக்க முடியாது. உள்ளே போகும் தண்ணீரெல்லாம் வெளியே ஓடிவிடும். அந்த இழப்பை ஈடுகட்டினால் மிச்சமிருக்கும் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் கிடைக்கும், குமட்டல் குறையும், நாய் சாப்பிடும். அவ்வளவுதான், ஆனால் மணிக்கு அந்த அவ்வளவே பெரிய விஷயமாக இருந்தது.

முதல் வாரம் கை நடுங்கியது. பாட்டிலை வெந்நீர் வாளியில் பத்து நிமிடம் போட்டு, முழங்கையில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, ஜன்னல் கம்பியில் சட்டை ஹேங்கரை வளைத்துத் தொங்கவிடுவேன். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அதன் அடியில் ஊசியைச் செலுத்த வேண்டும். முதல் தடவை ஊசி தோலின் அந்தப் பக்கமாக வெளியே வந்து என் கட்டைவிரலில் குத்தியது, ஆர்.எல். முழுக்க மணியின் முதுகு ரோமத்தில் வழிந்தது. மூன்றாம் தடவை சரியாக வந்தது. மெல்லிய ஊசிதான் வலிக்காது என்று நினைத்துத் தொடங்கினேன். அதில் அரை மணி நேரம் ஆகும், நாய் பொறுமை இழந்துவிடும். கொஞ்சம் தடித்த 18ஆம் எண் ஊசியில் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. தோளில் எழும்பும் தண்ணீர்க்கட்டி ராத்திரிக்குள் முன்னங்கால் பக்கம் சரிந்து, காலையில் காணாமல் போயிருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. குளுக்கோஸ் பாட்டிலைத் தோலுக்கடியில் ஏற்றக் கூடாது. இதய நோயோ, ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராத நிலையோ இருந்தால் ஆர்.எல்.லும் ஆபத்து, அதன் உப்பே பாரமாகிவிடும். அப்படிப்பட்ட நாய்களுக்குக் கழுத்து வழியாக உணவு செலுத்தும் குழாய் ஒன்றைப் பொருத்தி வெறும் தண்ணீரும் கூழாக்கிய சாப்பாடும் மருந்தும் தருவது இன்னும் நல்லது. பார்க்கக் கொடுமையாகத் தெரிவதால் நம் ஆட்கள் மறுத்துவிடுகிறார்கள். மூன்று பேர் சேர்ந்து வாயைப் பிளந்து மாத்திரை திணிப்பதைவிட அதில் கொடுமை குறைவு.

தட்டில் இருப்பது

நாள்பட்ட நோயில் ஆயுளைக் கூட்டுவதாக உறுதியான சான்று இருப்பது மெஷினுக்கு அல்ல, சாப்பாட்டுக்கு. 2002இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 38 நாய்களை இரண்டாகப் பிரித்து இரண்டு வருஷம் பார்த்தார்கள். சிறுநீரக உணவு சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 594 நாள், வழக்கமான உணவு சாப்பிட்டவற்றுக்கு 188 நாள்.

அந்த உணவின் மையம் பாஸ்பரஸைக் குறைப்பது. நம் வீட்டில் உடம்பு சரியில்லாத நாய்க்கு முதலில் வைப்பது எலும்பு சூப்பும் ஈரலும். மணிக்கு அம்மா வைத்ததும் அதுதான். ஈரலில் பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கிறது, எலும்பிலும் அப்படித்தான். தயிர்ச்சாதத்தைக் குறைத்தோம், முட்டை மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையைச் சாதத்தோடு பிசைந்தோம். இறைச்சியை அறவே நிறுத்தினால் தசை கரைந்துவிடும், அதனால் டாக்டரம்மா சொன்ன அளவில் கோழி மட்டும். நாய் குமட்டிக்கொண்டிருக்கும்போது புது உணவை நீட்டாதீர்கள், பிறகு ஜென்மத்துக்கும் அதைத் தொடாது. பாஸ்பரஸ் பிடிக்கும் மருந்தைச் சோற்றோடு கலந்துதான் தர வேண்டும். சிறுநீரில் புரதம் போனாலும் ரத்த அழுத்தம் 160ஐத் தாண்டினாலும் அதற்கும் மாத்திரை உண்டு. 'குடல் டயாலிசிஸ்' என்று விற்கும் நுண்ணுயிர் மாத்திரைகளுக்கு நான் காசு செலவழிக்கவில்லை. சான்று மெலிது.

இரண்டும் கலந்தால்

குழப்பம் வருவது நடுவில் நிற்கும் நாய்களுக்கு. கிரியாட்டினின் 2.5இல் ஒரு வருஷம் நிலையாக இருந்த நாய் திடீரென்று 8க்குப் போகும். தேய்ந்த சிறுநீரகத்தின்மேல் புதிதாக ஓர் அடி. சிறுநீர்த் தொற்று மேலே ஏறியிருக்கலாம். கால் வலிக்கிறதே என்று வீட்டிலிருந்த டைக்ளோஃபினாக் வலி மாத்திரையை யாராவது கொடுத்திருக்கலாம். பாயசத்து உலர் திராட்சையாகக்கூட இருக்கலாம். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் நாய் சிறுநீரகத்தைக் கெடுப்பதாக இப்போது கருதுகிறார்கள். புளியிலும் அது உண்டு. புளியோதரையைப் பங்குபோட்டுத் தரும் வீடுகள் கவனிக்க.

இந்த நாய்களுக்கு டயாலிசிஸைத் தயங்காமல் கேளுங்கள். 8ஐ மறுபடி 2.5க்குக் கொண்டுவர வாய்ப்பிருக்கிறது. தொடங்கும் முன் டாக்டரிடம் ஒன்றைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: எத்தனை அமர்வு செய்து பார்ப்போம், எதைப் பார்த்தால் நிறுத்துவோம். இந்தப் பேச்சு இல்லாமல் தொடங்கியவர்கள் கடன் வாங்கியும் நிறுத்த முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

மணி ஏழு மாதம் எங்களோடு இருந்தது. அடுப்படிக் காலண்டரில் தினமும் சாப்பிட்டதா இல்லையா என்று அம்மா பென்சிலால் குறித்துவந்தார். புரட்டாசி வரை டிக்தான் அதிகம். கார்த்திகையில் ஒரு வாரம் தொடர்ந்து பெருக்கல் குறி. எட்டாம் நாள் டாக்டரம்மாவை வீட்டுக்கு வரச் சொன்னோம். ஜன்னல் கம்பியில் ஹேங்கர் தொங்கிக்கொண்டிருந்தது, அதை நான் கழற்ற மறந்திருந்தேன்.