ஹோட்டல் படிப்பு: சீன மாணவர்களுக்கு சுவிஸா, ஆஸ்திரேலியாவா?

என் வகுப்பில் இருந்த சீன நண்பர்கள் பலரும், சுவிட்சர்லாந்தா ஆஸ்திரேலியாவா என்று மண்டையை உடைத்துக்கொண்டுதான் வந்தவர்கள். நான் படித்ததும் சுவிஸில்தான். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

பேரையும் செலவையும் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். 1893இல் தொடங்கிய லோசான் ஹோட்டல் பள்ளியின் புகழால் மற்ற சுவிஸ் பள்ளிகளுக்கும் மவுசு, கட்டணமும் அதற்கேற்றபடி. சிட்னி, மெல்பர்னில் சீனக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டு ஏக்கம் அவ்வளவாகத் தெரியாது.

முடிவு செய்ய வேண்டிய இடம் வேலைப் பயிற்சி. சுவிஸ் பள்ளிகள் பலவற்றில் ஒரு பருவம் வகுப்பு, அடுத்தது சம்பளத்தோடு ஹோட்டலில் பயிற்சி. வகுப்பிலேயே பள்ளியின் உணவகத்தில் பரிமாற வேண்டும். செங்டூவிலிருந்து வந்த தோழி ஒருத்தி விவாத வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். காவ்காவ் என்கிற சீனக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக வருடக்கணக்கில் குனிந்து எழுதியே பழகியவள். ஆனால் சமையலறையில் சூடான தட்டோடு போகும்போது 'ஷோ தெவான்!' (பிரெஞ்சில் 'சூடு வருது, வழி விடு') என்று கத்தாவிட்டால் எதிரே வருபவர் மேல் கொட்டிவிடும். சில வாரத்தில் எங்கள் எல்லோரையும்விட அவள் குரல்தான் ஓங்கிக் கேட்டது. "தட்டுத் தூக்கவா இவ்வளவு பணம் கட்டினோம்?" என்று அவள் அம்மா வீடியோ காலில் புலம்பியது தனிக்கதை.

இதிலும் ஓட்டை உண்டு. பயிற்சிக்கு லூசெர்ன் பக்கம் போனவளை, மாண்டரின் தெரியும் என்பதற்காக ரிசப்ஷனிலேயே நிறுத்திவிட்டார்கள். பஸ் பஸ்ஸாக வரும் சீனச் சுற்றுலாக் குழுக்களுக்கு வெந்நீர் கெட்டில், காலை ஆறு மணிக்கே சிற்றுண்டி என்று ஏற்பாடு செய்தே பொழுது போனது. மேனேஜருக்கு ஏக மகிழ்ச்சி, இவளுக்கோ ஜெர்மன் ஒரு வாக்கியம்கூட வரவில்லை. பாங்க்வெட் எனும் விருந்துப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி அவளே கேட்டு வாங்கிய பிறகுதான் வேலை கற்றாள்.

ஆஸ்திரேலியாவைப் பற்றி அங்கே படித்த அவளுடைய நண்பர்கள் சொன்னதை வைத்துத்தான் பேசுகிறேன். மாணவர் விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேலையை நாமே தேட வேண்டும். இங்கிலீஷ் தயங்குகிற பிள்ளைக்கு முதலில் திறக்கும் கதவு சீன உணவகம். அங்கே முதலாளியும் மாண்டரின், வாடிக்கையாளரும் மாண்டரின். சில இடங்களில் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கையில் காசு. பெரிய ஹோட்டலுக்குள் நுழைந்தவர்கள் நன்றாகவே தேறியிருக்கிறார்கள். பயிற்சியைக் கட்டாயமாக்கிய கல்லூரிகளும் அங்கே உண்டு, அவை வேறு கணக்கு.

படித்து முடித்ததும் அங்கேயே தங்க நினைத்தால் ஆஸ்திரேலியாதான். பட்டதாரி விசா இருக்கிறது. சுவிஸில் அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனத்தில் பட்டம் வாங்கிய ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கே வேலை தேடக் கிடைப்பது ஆறு மாதம்தான். ஷாங்காய்க்கோ, சீனாவின் மக்காவ் நகருக்கோ திரும்பி ஹோட்டலில் சேருவதுதான் திட்டம் என்றால் சுவிஸையே சொல்வேன். எந்த நாடாக இருந்தாலும், பயிற்சிக்கு இடம் பிடித்துத் தருவது பள்ளியா, மாணவரா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.