பஸ்ஸில் போய் நடக்க எந்த மலை? ஏற்காடு, ஏலகிரி, சிறுமலை, கொல்லிமலை

மலையில் நடக்க வேண்டும் என்றால் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காரில் போனவர் எவ்வளவு தூரம் நடந்தாலும் வண்டியை நிறுத்திய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். பஸ்ஸில் போனவர் ஓர் ஊரில் இறங்கி, நடந்து, இன்னோர் ஊரில் ஏறிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் அரசுப் பேருந்தை நம்பி மலையேறுகிறவன். எனவே இந்த அலசலில் எந்த மலை அழகு என்ற பேச்சு கொஞ்சம்தான். பஸ்ஸும் நடையும் எங்கே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன என்பதுதான் நான் பார்ப்பது.

முதலில் ஒரு விஷயம். மலை பஸ்ஸின் நேரம் மலைக்காரர்களுக்காகப் போட்டது. சந்தை, ஆஸ்பத்திரி, காலேஜ், தாலுகா ஆபீஸ் என்று காலையில் அவர்கள் கீழே இறங்க வேண்டும், பொழுது சாய ஏற வேண்டும். நாம் போவது நேர் எதிர்த்திசை. காலையில் ஏறும்போது உட்கார இடம் கிடைக்கும். சாயங்காலம் இறங்கத்தான் வண்டி குறைவு. கடைசியாக ஏறுகிற வண்டி பல மலைகளில் ராத்திரி மேலேயே தங்கிவிடும். மறுநாள் விடிகாலை முதல் வண்டி அதுதான். ‘ஹால்ட் வண்டி’ என்பார்கள். இது தெரியாமல் கொல்லிமலையில் ஒருமுறை, எதிரே ஏறி வந்த பஸ்ஸைப் பார்த்து, திரும்பும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். இருட்டுகிற நேரம். கண்டக்டர் பையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “இனி இறங்குற வண்டி இல்லீங்க. நாங்களே இங்கதான் ஹால்ட்டு. காத்தால வாங்க, முதல் சீட்டு உங்களுக்குத்தான்.” சொன்னபடியே மறுநாள் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு எந்த மலைக்குப் போனாலும் இறங்கியதும் முதல் வேலையாக, கடைசி வண்டி எப்போது, எங்கிருந்து என்று கேட்டுவிடுகிறேன். ஒருவரிடம் கேட்டால் போதாது. கடைக்காரர் ஒருவர், கண்டக்டர் ஒருவர் என்று இரண்டு பேரிடமாவது கேட்கவேண்டும்.

இந்தக் கணக்கில் ஏற்காட்டை எந்த மலையும் நெருங்க முடியாது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிக்கடி பஸ் உண்டு, ஏற மட்டுமல்ல, இறங்கவும். ஒண்டிக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு சேர்வராயன் கோயிலுக்கு நடப்பதுதான் என் வழக்கம். 1,600 மீட்டருக்கு மேலே, மேசை போலத் தட்டையான உச்சி. குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். குனிந்து நுழைந்து, தலையில் பாறை ஈரம் சொட்ட நின்றுவிட்டு வெளியே வந்தால் எதிரே அடுக்கடுக்காக மலைகள். மண் செம்பாறை நிறத்தில் இருக்கும். இந்த மலையில் பாக்சைட் இருக்கிறது. அங்கிருந்து நாகலூர்ப் பக்கம் நடந்து, கால் வலித்த இடத்தில் ஊர் பஸ்ஸைப் பிடிக்கலாம். மலையைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் லூப் ரோடு இருப்பதால் எந்த இடத்திலும் நடையை முடித்துக்கொள்ள முடியும்.

ஆனால் ஏற்காட்டில் நடப்பது பெரும்பாலும் தார் ரோட்டில்தான். இரண்டு பக்கமும் காபி எஸ்டேட், முள்கம்பி, பூட்டிய கேட். சில்வர் ஓக் நிழலில் காபிச் செடி பழுத்து நிற்பதைக் கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். சனி, ஞாயிறு என்றால் காரும் பைக்கும் ஹாரனும். செவ்வாய், புதன் போல ஒரு நாளில் போங்கள், வேறு ஊர் போலத் தோன்றும்.

ஏலகிரி சின்ன மலை, அதை ரொம்ப நீட்டத் தேவையில்லை. ரயிலில் ஜோலார்பேட்டை வந்து பஸ் மாறலாம், திருப்பத்தூரிலிருந்தும் வண்டி உண்டு. 14 வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். ஒவ்வொரு பலகையையும் குழந்தைகளைப் படிக்கச் சொன்னால் தலைசுற்றல் மறந்துவிடும். ஏலகிரியின் உயரமான உச்சியான சாமிமலைக்கு ஏற்றம் மங்கலம் கிராமத்திலிருந்து தொடங்குகிறது. உச்சி 4,338 அடி. ஏற்கெனவே மலைமேல் நின்று ஏறுவதால் அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். முதல்முதலாக நடக்கிறவர்களுக்கு, பத்து வயதுப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல மலை இந்தப் பட்டியலில் கிடையாது. புங்கனூர் ஏரிப் பக்கம் கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. மங்கலம் பக்கம் போனால் அந்தச் சத்தமே கேட்காது.

சிறுமலைக்குத் திண்டுக்கல்லிலிருந்து பஸ். சுமார் 25 கிலோமீட்டர், 18 வளைவுகள். வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். அகஸ்தியர்புரத்தில் இறங்கி வெள்ளிமலைக்கு ஏறலாம். ஏற்றம் செங்குத்துதான், ஆனால் நீளமில்லை. மேலே சிவன் கோயில், நாலாபுறமும் காற்று. எனக்குச் சிறுமலை பிடிப்பதற்குக் காரணம் வேறு. இங்கே இன்னமும் குதிரைகள்மேல் விளைச்சல் இறங்கி வருகிறது. பாதையில் மணிச்சத்தம் கேட்டு ஒதுங்கி நின்றால், இரண்டு பக்கமும் பொதி தொங்க ஒரு குதிரை, யாரும் ஓட்டாமலே தனக்குத் தெரிந்த வழியில் போகும். பின்னாலேயே அடுத்தது. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழத்தை அங்கேயே வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்: தோல் தடித்து, அளவில் சின்னதாக, புளிப்பு லேசாக எட்டிப்பார்க்கும் இனிப்பு. காட்டுமாடு உள்ள மலை, ஆகவே பொழுது சாயும்வரை பாதையில் இருக்காதீர்கள். மதுரை, திண்டுக்கல்காரர்களுக்கு ஒருநாள் நடைக்கு இதுவே பக்கம்.

கொல்லிமலைக்கு வருகிறேன். காரவள்ளியில் தொடங்கும் 70 வளைவுகள். நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் வண்டிகள் உண்டு. முன்சீட்டுப் பாட்டி எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே வருவார். கேட்டால் உங்களுக்கும் ஒன்று கொடுப்பார். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து பஸ் திரும்ப, கண்ணாடிக்கு வெளியே வானம் மட்டும் தெரிந்து, பிறகு ரோடு திரும்ப வரும். செம்மேட்டில் இறங்கினால் வல்வில் ஓரி சிலை. சங்கப் பாட்டில் வந்த மன்னனுக்கு ஆடிப்பெருக்கை ஒட்டி இன்றும் விழா எடுக்கிற ஊர். இங்கே ஊராட்சிகளுக்கு நாடு என்று பெயர்: வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு. பஸ் போர்டைப் படிப்பதே தனி சுகம்.

நான் சொல்லும் வழி இது. செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயில்வரை பஸ்ஸிலேயே போய்விடுங்கள். கோயிலுக்குப் பின்னால் ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பாதி தூரத்தில் சத்தம் மட்டும் கேட்கும், அருவி தெரியாது. கடைசித் திருப்பத்தில் கைப்பிடிக் கம்பி ஈரமாகியிருக்கும், கண்ணாடி போட்டவர்கள் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சுமார் 300 அடி உயரத்திலிருந்து அய்யாறு விழுவது தெரியும். திரும்பி ஏறுவதற்கு இறங்கியதைப் போல இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வந்ததும் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் செம்மேட்டை நோக்கி நடக்கத் தொடங்குங்கள். பள்ளத்தில் நெல் வயல், மேட்டில் மரவள்ளி, வீட்டோரம் பலா, மரங்களைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி. ஒரு காலத்தில் மலை முழுக்க விளைந்த சாமையும் தினையும் இப்போது அங்கங்கே துண்டு நிலங்களில்தான் இருக்கின்றன. கதிர் பார்த்தால் நின்று பாருங்கள். வீட்டு வாசலில் மிளகு காயப்போட்டிருப்பவரிடம் நூறு கிராம் வாங்கினால், பச்சையாக இருந்த மணி எப்படிச் சுருங்கிக் கறுக்கிறது என்று கையில் எடுத்துக் காட்டுவார். பின்னால் பஸ் வந்தால் கை காட்டுங்கள், நிறுத்துவார்கள்.

நான்கில் எனக்குப் பிடித்தது கொல்லிமலைதான். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். பயணத்திலேயே பாதிப் பகல் போய்விடும், மிச்சப் பகல் கடைசி வண்டிப் பதற்றத்தில் போகும். செம்மேட்டில் ஒரு ராத்திரி தங்குகிறவர்களுக்கே இந்த மலை. ஒருநாள்தான் இருக்கிறது என்றால் ஏற்காடு.

அனுமதி விஷயம் ஒன்று. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு, காட்டுக்குள் நடக்க விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளுக்கு இணைய முன்பதிவு தொடங்கினார்கள். ஏலகிரி சாமிமலை அதில் உண்டு. நான் மேலே சொன்ன கிராமத்து ரோடுகளில் நடக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வனத்துறை எல்லைக்குள் போகும் எந்த ஒற்றையடிப் பாதைக்கும் அனுமதி வாங்குங்கள். புல் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில் அந்தப் பக்கமே வேண்டாம். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே நான்கு மலைகளுக்கும் பருவம். அப்போது முதல் பஸ்ஸில் ஏறினால், பத்தாவது வளைவுக்குமேல் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து மடியில் உட்காரும்.