சிதறிய ஏடுகளைச் சேர்க்கும் ஃபிராக்மென்டேரியம்

சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்க் பல்கலைக்கழகத்திலிருந்து 2017 முதல் இயங்கும் ஃபிராக்மென்டேரியம், இடைக்காலக் கையெழுத்துப் படிகளின் துண்டுகளைப் படங்களோடு காட்டும் இலவச இணையச் சேவை. அவற்றுள் பெரும்பாலானவை லத்தீன் துண்டுகள். அச்சு பரவிய பின் பழமையானவை என்று ஒதுக்கப்பட்ட வழிபாட்டு நூல்களையும் சட்ட நூல்களையும் பைண்டர்கள் வெட்டி, புதிய புத்தகங்களின் முதுகுக்கு வலுவூட்டும் பட்டைகளாகவும் மேலுறைகளாகவும் பயன்படுத்தினர். எளிதில் கிழியாத விலங்குத் தோலில் எழுதப்பட்டிருந்ததே அவை வெட்டப்பட்டதற்கும் எஞ்சியதற்கும் ஒருசேரக் காரணம்.

வெவ்வேறு நூலகங்களில் சிதறிக் கிடக்கும் ஏடுகளைப் பழைய வரிசைப்படி திரையில் ஒன்றுசேர்க்க முடிவதே இச்சேவையின் தலையாய சிறப்பு என்பேன். படங்களைப் பெரிதாக்கினால் எழுத்துகளோடு பசைக் கறையும் தையல் துளைகளும் மடிப்புத் தடங்களும் தெரிகின்றன. நூலின் இரண்டாம் வாழ்க்கையைச் சொல்பவை அவைதாம். விவரக் குறிப்புகள் எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே ஆழத்தில் இல்லை, லத்தீன் கையெழுத்துப் படிகளின் சொற்சுருக்கங்களை அறியாதவர் (அறிந்தவர் எத்தனை பேர்!) பல இடங்களில் படங்களோடு நிறைவடைய வேண்டியதுதான். ஆய்வாளர்கள் மேற்கோள் காட்ட, ஒவ்வொரு பதிவுக்கும் 'எஃப்' என்று தொடங்கும் அடையாளக் குறி தரப்பட்டுள்ளது.