தாதியருக்கும் மாணவியருக்கும் தகவல் திறன்: மலையகத்தில் பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

இலங்கை மலையகத்தின் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் பயிற்சி பெறும் தாதிய மாணவியருக்கும், அங்கு பணியாற்றும் தாதியருக்கும், வெளிக்களத்தில் நடமாடும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் தகவல் தேடவும், சரியாகப் பதியவும், பதிந்த தரவைப் படித்துப் பொருள்கொள்ளவும் கற்பிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். இதற்கென நாங்கள் கைக்கொண்ட கருவிகளில் பெரும்பாலானவை இலவசமானவை. அவை நீண்ட காலப் பயன்பாட்டில் எப்படி உழைத்தன, எங்கே கைவிட்டன என்பதை, இதே வேலையைத் தொடங்க எண்ணுவோருக்காக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தான் தேடிய விடை ஒரு நோயாளிக்கு உதவியதையும், தான் பதிந்த எண் ஒரு அட்டவணையில் திரும்பி வந்ததையும் கண்ணால் கண்டவரிடம் திறன் தங்கிவிட்டது. மூன்று நாள் கணினிப் பயிற்சிப் பட்டறைக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தவர்களில் பலர், அடுத்த மழைக்காலம் வருவதற்குள் கடவுச்சொல்லைக்கூட மறந்திருந்தார்கள்.

எமது சூழலைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மாணவியர் எல்லோரிடமும் கையடக்கத் தொலைபேசி உண்டு. மடிக்கணினி சிலரிடமே உண்டு. பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் வீடு உள்ளவர்களுக்கு லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) ஒரு மூலையில் மட்டுமே சிக்னல் கிடைக்கும். ஆகவே காணொளிப் பாடங்களை நாங்கள் விரைவிலேயே ஒதுக்கிவிட்டு, எழுத்தாக இருப்பதும் குறைந்த டேட்டாவில் திறப்பதுமான தளங்களையே நம்பினோம்.

அவற்றுள் முதலிடம் பப்மெட்டுக்கே. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997 முதல் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டிருக்கும் இத்தளத்தில் 3 கோடியே 50 இலட்சத்துக்கும் அதிகமான மருத்துவ ஆய்வுக் கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. 2020 இல் புதிய வடிவத்துக்கு மாறிய பின்னர் தொலைபேசித் திரையிலும் அது நன்றாக இயங்குகிறது. ஆனால் பப்மெட்டைப் பப்மெட்டாகக் கற்பித்தால் யாருக்கும் ஒட்டுவதில்லை. எமது வகுப்பு, கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக்கில் அன்றாடம் எழும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது: "மிஸ்ஸி, குளிசை போட்டு எவ்வளவு நேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கலாம்?" தேயிலையில் உள்ள பாலிபீனோல்கள் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதை மாணவியர் பாடமாகப் படித்திருப்பார்கள். எவ்வளவு நேர இடைவெளி போதும் என்று கேட்டால் அமைதி நிலவும்.

அந்தக் கேள்வியை முதலில் நான்காகப் பிரிக்கச் சொல்வோம்: யாரைப் பற்றியது, என்ன செய்கிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவை அளக்கிறோம். பைக்கோ என்று அழைக்கப்படும் இந்தப் பழக்கம் படிந்துவிட்டால் பாதித் தேடல் முடிந்த மாதிரிதான். அடுத்து, தேநீர், இரும்புக் குறைபாட்டு இரத்தசோகை ஆகிய இரண்டுக்கும் கட்டுரைகளை வகைப்படுத்தப் பப்மெட் வைத்திருக்கும் மெஷ் என்ற நிலையான தலைப்புச் சொற்களைக் கண்டுபிடித்து, இரண்டையும் "அண்ட்" போட்டு இணைக்கச் சொல்வோம். வெறுமனே தேநீர் என்று தேடியபோது குவிந்த முடிவுகள், ஒருவர் உட்கார்ந்து படிக்கக்கூடிய அளவுக்குச் சுருங்குவதை மாணவியர் அப்போதுதான் பார்க்கிறார்கள்.

அங்கே 2017 இல் வெளியான ஆய்வொன்று கிடைக்கும். இரும்புச்சத்துள்ள உணவோடு தேநீர் அருந்தும்போது உறிஞ்சல் குறைகிறது. 1 மணிநேரம் கழித்து அருந்தினால் அந்தத் தடை தணிகிறது என்பது அதன் முடிவு. விடை கிடைத்துவிட்டது என்று தொலைபேசியைக் கீழே வைக்கப் போகும் இந்த இடத்தில்தான் உண்மையான பாடம் தொடங்குகிறது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் பிரித்தானியாவில் வாழும் ஆரோக்கியமான 12 பெண்கள். அவர்கள் கர்ப்பிணிகளா? இரத்தசோகை உள்ளவர்களா? அவர்கள் உட்கொண்டது உணவிலுள்ள இரும்பா, நாம் கொடுக்கும் குளிசையா? மலையில் கொழுந்து பறிக்கும் பெண் காலையிலிருந்து குடிக்கும் கடுஞ்சாயத் தேநீரும் அந்த ஆய்வில் கொடுக்கப்பட்ட தேநீரும் ஒன்றா? இந்தக் கேள்விகளை மாணவியர் தாங்களாகவே கேட்கத் தொடங்கும் நாளை நான் மிகவும் மதிக்கிறேன். குளிசையைத் தண்ணீரோடு எடுங்கள், தேநீரைத் தள்ளிப்போடுங்கள் என்று கிளினிக்கில் சொல்லும் அறிவுரை அதனால் மாறப்போவதில்லை. ஆனால் அதைச் சொல்பவருக்குத் தன் காலடியில் உள்ள நிலம் எவ்வளவு உறுதியானது என்று தெரிந்துவிடுகிறது. தாய் மறுகேள்வி கேட்டாலும் தடுமாற மாட்டார்.

பப்மெட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். பல கட்டுரைகளின் சுருக்கம் மட்டுமே திறக்கும். முழுப் பிரதிக்குப் பணம் கேட்கும். இலவச முழுப் பிரதி என்ற வடிகட்டியைத் தட்டியதும், பட்டியலில் மிஞ்சியவை மட்டுமே உலகில் உள்ள சான்று என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். இதை ஒவ்வொரு குழுவுக்கும் தனியாகச் சொல்லித் திருத்த வேண்டியிருக்கிறது. இலங்கை ஆய்வுகளுக்கு ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஒன்லைன் தளம் பெரும் துணை. 1887 இல் தொடங்கிய சிலோன் மெடிக்கல் ஜர்னலை அங்கே இலவசமாகப் படிக்கலாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் எளிய மொழிச் சுருக்கங்களில் ஒரு பகுதி தமிழிலும் இருப்பதால், ஆங்கிலக் கட்டுரையைக் கண்டு மிரளும் முதலாம் ஆண்டு மாணவியருக்கு நுழைவாயிலாக அதையே காட்டுகிறேன்.

வட்ஸ்அப்பில் சுற்றும் எண்களைச் சோதிப்பதும் எமது பாடத்தில் உண்டு. மலையகப் பிள்ளைகளின் போசாக்கு பற்றி ஆண்டும் மூலமும் இல்லாத சதவீதங்கள் உருக்கமான படங்களோடு வந்துகொண்டே இருக்கும். மாணவியர் அவற்றின் மூலத்தைத் தேடிப் போக வேண்டும். தேடலின் முடிவில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வு வந்து நிற்கும். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்மை தேசிய அளவில் ஏறத்தாழ 17 சதவீதம், பெருந்தோட்டத் துறையில் ஏறத்தாழ 32 சதவீதம் என்கிறது அது. தங்கள் சொந்தத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிய எண்ணை மூல அறிக்கையிலேயே வாசிக்கும் மாணவியரின் முகத்தில் தெரியும் கவனத்தை வேறெந்தப் பயிற்சியிலும் நான் கண்டதில்லை. அந்த எண் 2016 ஆம் ஆண்டுக்குரியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அடுத்த படி.

ஸொட்டெரோ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேற்கோள்களை வான்கூவர் முறையில் (மருத்துவ எழுத்தில் வழங்கும் எண் முறையில்) ஒழுங்குபடுத்த அது போதுமானது, இலவசமானது, இணையம் இல்லாதபோதும் இயங்குவது. இறுதியாண்டு ஆய்வறிக்கை எழுதுவோர் தவிர மற்றவர்களுக்கு அதைத் திணிக்க வேண்டாம்.

மின்னணு நோயாளர் பதிவு வந்த பிறகு, தேடும் திறனைவிடப் பதியும் திறனே பெரிய கவலையாகிவிட்டது. பதிவு மேசையில் இலட்சுமி என்ற பெயரை ஒருவர் லெச்சிமி என்றும், இன்னொருவர் லெட்சுமி என்றும், மூன்றாமவர் லக்ஷ்மி என்றும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுவார். ஒரே பெண்ணுக்கு மூன்று பதிவுகள் உருவாகிவிடும். பென்சிலின் ஒவ்வாமை முதல் பதிவில் இருக்க, மருந்து மூன்றாவது பதிவைப் பார்த்து எழுதப்படலாம். குறைந்தது இரண்டு அடையாளங்களைக் கொண்டே நோயாளியை உறுதிசெய்ய வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆம் ஆண்டு வழிகாட்டலை மாணவியர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதைப் பதிவு மேசையில் எப்படிச் செய்வது என்பதற்கு நாங்கள் தேசிய அடையாள அட்டையையே பாடநூலாக்கினோம்.

12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டப்படும். 1987565 என்று தொடங்கும் அட்டை 1987 ஆம் ஆண்டின் 65 ஆவது நாளில் பிறந்த பெண்ணுடையது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அட்டையின் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள்கள். ஆகவே அது மார்ச் 5. சாதாரண ஆண்டுக் கணக்கில் எண்ணும் மென்பொருளோ மார்ச் 6 என்று காட்டிவிடும். வாயால் சொல்லும் பிறந்த தேதி, அட்டை எண், பால் ஆகிய மூன்றையும் நொடியில் ஒத்துப்பார்க்கக் கற்றவர்கள், ஜனவரி 1 என்று கண்ணை மூடிக்கொண்டு போடும் வழக்கத்தைத் தாமாகவே கைவிட்டார்கள். அட்டையே இல்லாத முதியவர்களுக்கு இது உதவாது. அவர்களுக்குக் கிளினிக் கொப்பியின் இலக்கமும் தோட்டப் பிரிவின் பெயருமே துணை.

முகவரி பற்றிய பாடம் இதைவிடவும் முக்கியமானது. அறிவிக்கப்பட வேண்டிய தொற்றுநோய் எனச் சந்தேகம் எழுந்தவுடனேயே, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், எச் 544 படிவம் நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போக வேண்டும். அதில் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கே போவார்? ஒரு வைத்தியசாலைக்கு அப்படி வந்த தொலைபேசி அழைப்பை இப்போது வகுப்பில் அப்படியே சொல்வதுண்டு: "மிஸ், தோட்டத்துப் பேர மட்டும் போட்டிருக்கீங்க. மேல் டிவிஷனா, கீழ் டிவிஷனா? எத்தனையாம் நம்பர் லயம்?" காய்ச்சல்காரர் வீட்டைச் சுற்றி நுளம்பு பெருகும் இடங்களை அழிக்க வேண்டிய நாள் ஒன்று, லயத்தைத் தேடுவதிலேயே கழிந்துவிடுகிறது.

இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன முடிவுக்கு வந்தேன். தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையை எடுத்து, நுவரெலியா, பதுளை வரிசைகளை மாணவியர் முன் வைத்தோம். தாங்கள் வார்டில் நிரப்பிய படிவங்கள் எந்த எண்ணுக்குள் போய்ச் சேர்ந்தன என்பதை அவர்கள் விரலால் தொட்டுக் காட்டினார்கள். அந்த அட்டவணையின் கடைசியில், அறிக்கைகள் உரிய காலத்தில் வந்தனவா, முழுமையாக வந்தனவா என்பதற்கும் சதவீதம் உண்டு. அதைப் பார்த்த பிறகு அவர்கள் நிரப்பும் படிவத்தில் டிவிஷனும் லயன் இலக்கமும் தவறுவதில்லை. எத்தனையோ விரிவுரைகளால் செய்ய முடியாததை அந்த ஒரு பக்கம் செய்தது.

குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் இதுவே நடந்தது. தாய் சேய் நலத் தரவுகள் இப்போது ஒஸ்லோ பல்கலைக்கழகம் உருவாக்கிய டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளில் சேர்கின்றன. 2020 தொடக்கத்தில் கோவிட் கண்காணிப்புக்காக இலங்கையர் இதே மென்பொருளில் அமைத்த வடிவத்தைப் பின்னர் பல நாடுகள் எடுத்துக்கொண்டன என்று சொல்லும்போது பயிற்சிக்கு வந்தோர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். எனினும் மாதந்தோறும் எண்களை மேலே அனுப்புவதோடு வேலை முடியும் இடங்களில், அது அவர்களுக்கு இன்னொரு சுமையாகவே இருந்தது. தன் பிரிவில் நிறை குறைந்து பிறந்த குழந்தைகளின் வரைபடத்தைத் தானே திறந்து பார்க்கக் கற்றவர்கள், அடுத்த மாதக் கூட்டத்தில் அதை வைத்துப் பேசினார்கள்; எந்தத் தோட்டத்துக்கு முதலில் போவது என்று அதை வைத்தே தீர்மானித்தார்கள். மென்பொருள் ஒன்றுதான். உள்ளிடும் பக்கத்தை மட்டும் கற்றவருக்கும் வாசிக்கும் பக்கத்தையும் கற்றவருக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது. பயிற்சி நேரத்தில் பாதியையாவது வாசிக்கும் பக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளை மாணவியர் இப்போது தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலக் கட்டுரையின் கடினமான பந்தியை எளிமைப்படுத்தக் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மேற்கோள் கேட்கும்போதுதான் ஆபத்து. இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் அவை அழகாகத் தந்துவிடும். ஒவ்வொரு தலைப்பையும் பப்மெட்டில் தேடிக் கண்ட பிறகே ஏற்றுக்கொள்வது என்பது எமது நிலையான விதி. மருந்தளவை அவற்றிடம் கேட்பதற்கு அனுமதியே இல்லை.

நோயாளியின் பெட் ஹெட் டிக்கெட்டை (வார்டில் வைக்கும் சிகிச்சைக் குறிப்பேட்டை) படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் இன்னும் முழுமையாக ஒழியவில்லை. வைத்தியரிடம் விரைவாக ஆலோசனை பெறும் நல்ல நோக்கத்தோடுதான் பலர் அதைச் செய்கிறார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட வகைத் தரவாகக் கருதுகிறது. ஒரு தோட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெயரை மறைத்தாலும் டிவிஷனும் வயதும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கருக்கலைவு, மனநோய், காசநோய் போன்றவற்றில் அந்தக் கசிவு ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே பாதிக்கும். இதைச் சட்டப் பிரிவாக அல்லாமல், அதே தோட்டத்தில் வாழும் ஒரு பெண்ணின் நிலையிலிருந்து பேசும்போது வகுப்பு உன்னிப்பாகக் கேட்கிறது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்தபோது, வைத்தியசாலை ஜெனரேட்டரில் இயங்கினாலும் வலையமைப்பு நின்றுபோகும் என்பதைக் கண்டோம். அன்று முதல், தாளில் எழுதிப் பின்னர் கணினிக்கு மாற்றும் முறையையும் டிஜிட்டல் திறனின் ஒரு பகுதியாகவே கற்பிக்கிறோம்: எந்தப் படிவம், யார் மாற்றுவது, மாற்றியதை யார் சரிபார்ப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தமிழில் நாங்கள் தயாரித்த கையேடுகளுக்குப் பாமினி எழுத்துரு பெருந்தடையாக இருந்தது. அதில் தட்டச்சு செய்தவை அடியில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுவதால், தொலைபேசியில் புரியாத குவியலாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே, வார்டில் நிற்பவர் "நீரிழிவு" என்று தட்டியதும் உரிய பக்கம் வந்தது. தமிழில் கற்பிக்க எண்ணுவோர் இதை முதல் வேலையாகச் செய்துகொள்ளுங்கள்.

மூத்த தாதியருக்குத் தனி வகுப்பு வைப்பதைவிட, பணிமுறை மாறும் வேளையில் வார்டிலேயே ஒரு கேள்வியை எடுத்து ஒரு மாணவியோடு சேர்த்து உட்காரவைப்பது நன்றாகப் பலிக்கிறது. அக்காவுக்கு நோயாளியைத் தெரியும், தங்கைக்குத் திரையைத் தெரியும். இது பணி நேரத்துக்குள் நடக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இரவுப் பணி முடிந்து ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவரிடம் இன்னொரு மணிநேரம் கேட்பது நியாயமில்லை. இந்தப் பயிற்சி இன்னும் சென்றடையாதவர்கள் தோட்ட வைத்திய உதவியாளர்கள். தோட்டத்தில் நோயாளியை முதலில் பார்ப்பவர்களில் அவர்களும் அடக்கம். நான் பார்த்த டிஸ்பென்சரிகளில் அவர்களுடைய பதிவேடு கையெழுத்திலேயே இருக்கிறது. அடுத்த குழுவில் அவர்களுக்கும் இடம் கேட்டிருக்கிறோம். அந்தப் பதிவேட்டையே முதல் பாடமாக வைத்துத் தொடங்க எண்ணுகிறோம்.