அஞ்சலில் வந்த ஊட்டச்சத்துப் படிப்பு: எடை போட்டுப் பார்த்தேன்

ஆண்டுக்கு இரண்டு முறை, சேர்க்கை அறிவிப்பு வரும்போதெல்லாம், யாராவது ஒருவர் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டுவிடுகிறார்: "அக்கா, நீங்கள் அஞ்சல் வழியில் படித்தீர்களே, அதே மாதிரி நர்ஸ் படிப்பும் படிக்கலாமா?"

படிக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன ஆண்டு ஒரு பெண் நாற்பதாயிரம் ரூபாயை எங்கோ ஒரு மாடிப்படிக் கல்வி மையத்தில் கட்டிவிட்டு வந்த பிறகுதான் என்னிடம் கேட்டாள். நர்சிங், மருந்தாளுநர் படிப்பு, பிசியோதெரபி, பல் மருத்துவம், துணை மருத்துவப் படிப்புகள் எதையும் தொலைநிலையில் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஊசி போடக் கற்றுக்கொள்ள எதிரில் ஒரு கை வேண்டும். தபால்காரர் அதைக் கொண்டுவந்து தர மாட்டார்.

நான் படித்தது வேறு. ஊட்டச்சத்தும் சுகாதாரக் கல்வியும் சேர்ந்த ஓராண்டுப் பட்டயம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும். நடத்தியது ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன்.

பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் ஓர் அரசுப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை என்று நாள்தோறும் எடுத்து, எடை போட்டு, பதிவேட்டில் எழுதி, மீதியைச் சரிபார்ப்பது என் வேலை. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. ஏன் 100, ஏன் 80 இல்லை என்று பணியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன். "அரசாணை அம்மா" என்றார். அதற்குமேல் விடை வேண்டும் என்றுதான் 2019 ஜனவரியில் சேர்ந்தேன். கட்டணத்துக்குச் சீட்டுப் பணம் இருந்தது.

பார்சல் வந்த அன்றே தராசில் வைத்தேன்: 4 கிலோ 200 கிராம். பழக்கதோஷம். 32 கிரெடிட் படிப்பு. ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு என்று கையேட்டிலேயே போட்டிருந்தது. பெருக்கினால் 960 மணி நேரம். வேலைக்குப் போய், வீட்டில் சமைத்து, இரவில் இரண்டு மணி நேரம் தவறாமல் உட்கார்ந்தாலும் 480 நாள் ஆகும். விளம்பரத்தில் மட்டும் ஓராண்டுப் படிப்பு. நான் முடித்தது 2021இல். நடுவில் கொரோனா வந்து 2020 ஜூன் தேர்வு தள்ளிப்போனதும் ஒரு காரணம். பள்ளி மூடிக் கிடந்த அந்த மாதங்களில் உலர் பொருள்களையும் முட்டையையும் பெற்றோர்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே படித்தேன்.

புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள் அவைதான். சின்னச் சின்னத் தொகுதிகள். ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னால் நாமே விடை எழுதிப் பார்க்க ஒரு கட்டம், கடைசிப் பக்கத்தில் சரியான விடை. ஆசிரியர் இல்லாமலேயே ஒருவர் படிக்க வேண்டும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். என் 100 கிராம் கேள்விக்கு மூன்றாவது வாரத்தில் விடை கிடைத்தது: அவ்வளவு அரிசி சுமார் 345 கலோரி கொடுக்கும். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் சேர வேண்டும் என்பது தேசிய அளவுகோல். மீதியைப் பருப்பும் எண்ணெயும் முட்டையும் நிரப்ப வேண்டும். அன்று முதல் எண்ணெய் டின்னில் அரை லிட்டர் குறைந்தால் எனக்குத் தெரிவது கணக்குப் பிழை மட்டும் அல்ல.

ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பு சில பக்கங்களில் கல் கடிக்கிறது. உணவுப் பட்டியலைப் புரட்டினால் காலையில் சப்பாத்தி, இரவில் சப்பாத்தி. கோதுமைக்கு முக்கால் பக்கம், ராகிக்கு ஒரு வரி. எங்கள் பக்கத்தில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் களி தின்றுதான் போகிறார்கள். ஒரு களி உருண்டையில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று எந்தத் தொகுதியிலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவை எடை போட்டுக் கிண்டி, உருட்டி, உருண்டையையும் எடை போட்டேன். ஈரக்கையோடு தராசைத் தொடுகிறேன் என்று வீட்டுக்காரர் திட்டினார். உருண்டை 350 கிராம், உள்ளே இருந்த மாவு 110 கிராம். அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் 344 மில்லிகிராம் கால்சியம். ஆக ஓர் உருண்டையில் ஏறத்தாழ 380.

சரி, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கால்சியம் தேவை? புத்தகத்தில் 400 மில்லிகிராம் என்று இருந்தது. அதை மனப்பாடம் செய்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010லேயே அதை 600 ஆக்கிவிட்டது. நான் படித்துக்கொண்டிருந்தபோதே, 2020இல், 1000 ஆக உயர்த்தியது. 400 என்றால் ஓர் உருண்டையோடு நாள் கணக்கு முடிந்துவிடும். 1000 என்றால் இரண்டு உருண்டை தின்றாலும் போதாது. இத்தனை பழைய எண்ணை அச்சிட்டு அனுப்புகிறவர்கள் ஒரு திருத்தத் தாளையாவது உள்ளே வைத்திருக்கலாம்.

நேர்முக வகுப்புகள் சேலத்தில். அதிகாலையில் கிளம்பி, தர்மபுரியில் வண்டி மாறி, தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால் சில ஞாயிறுகளில் கதவு பூட்டியிருக்கும். வகுப்பு இல்லை என்று முதல் நாள் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப எவ்வளவு செலவாகும்? காவலாளி மட்டும் அன்பாகப் பேசுவார். நடந்த வகுப்புகளில் ஒன்றை மறக்க மாட்டேன். ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் கைப்பையிலிருந்து, குழந்தைக்கு ஊட்டக்குறை இருக்கிறதா என்று பார்க்கும் கைப்புய அளவு நாடாவை எடுத்தார். வந்திருந்த மூன்று பேரில் ஒருத்தியின் குழந்தையை மடியில் உட்கார வைத்து, தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைப் பேனாவால் குறித்துவிட்டு நாடாவைச் சுற்றினார். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்குமேல் பச்சை. "இறுக்கினால் நல்ல குழந்தையும் சிவப்பாகிவிடும், தளர்த்தினால் நோஞ்சானும் பச்சையாகிவிடும்" என்று சொல்லி எங்கள் ஒவ்வொருவரையும் மூன்று முறை சுற்ற வைத்தார். குழந்தை அழுது தீர்த்தது. புத்தகத்தில் அந்தப் படத்தை நான் பத்து முறை பார்த்திருந்தேன். என் கை எவ்வளவு இறுக்குகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. கையால் எழுத வேண்டும். எழுதிய விடைகளையே விற்கும் ஜெராக்ஸ் கடைகள் இருக்கின்றன, வாங்கிப் பார்த்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு கட்டு என் கைக்கும் வந்தது. இரும்புச் சத்து பற்றிய கேள்விக்கு அயோடின் விடை எழுதியிருந்தது. அதையும் எத்தனை பேர் அப்படியே எழுதிக் கொடுத்தார்களோ. நான் சொந்தமாக எழுதிக் கொடுத்ததோ, எட்டு மாதம் கழித்தும் இணையதளத்தில் 'பெறப்படவில்லை' என்றே காட்டியது. ஒப்புகைச் சீட்டோடு சேலம் மையத்துக்குப் போனேன். "நாங்கள் அனுப்பிவிட்டோம் அம்மா, அங்கே ஏற்றவில்லை" என்றார்கள் இங்கே. பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தால் மையத்தில் கேட்கச் சொன்னார்கள். நான்காவது முறை ஒப்புகைச் சீட்டின் நகலைப் பதிவு அஞ்சலில் அனுப்பிய பிறகுதான் மதிப்பெண் ஏறியது. சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதைக் கொடுத்தாலும் முத்திரையோடு சீட்டு வாங்குங்கள், வாங்கியதைத் தொலைக்காதீர்கள்.

புராஜெக்ட்டுக்கு வருகிறேன். ஊர்ச் சுகாதாரப் பிரச்சினை ஒன்றை எடுத்து வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். நான் பல் கறையைத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆழ்துளைத் தண்ணீரில் பல்லில் கறை போடும் ஃப்ளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருவது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் 2013இல் வந்தது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. பாடப்புத்தகத்தில் இது அரைப் பக்கம்.

முப்பது வீடுகள். அதில் ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். மாமியார் உள்ளூர்க்காரர், அத்தை மகனைக் கட்டிக்கொண்டு அதே தெருவில் இருந்துவிட்டவர். சிரித்தால் பல்லின் குறுக்கே பழுப்புப் பட்டை. மகனுக்கும் அப்படியே. மருமகள் பரமத்திவேலூர்ப் பக்கம், காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். பல் அரிசி மாதிரி. கல்யாணமாகிப் பத்து ஆண்டுகளாக அதே குழாய், அதே குடம், அதே தண்ணீர். அவள் பல்லில் ஒரு புள்ளிகூட விழவில்லை. மாமியாருக்கு அது ஒரு மனக்குறை. தான் செங்கல் தூளில் தேய்த்ததாலும், மகன் சோம்பேறித்தனத்தாலும் வந்தது என்று நினைத்திருந்தார். பல் ஈறுக்குள் உருவாகிற சின்ன வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் அந்தக் கறையைப் போடும். வளர்ந்தபின் குடிப்பது பல்லில் எழுதாது, அதிகமானால் எலும்பில்தான் போய்ச் சேரும். இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேரனைக் கூப்பிட்டு, வெளிச்சத்தில் நிறுத்தி, உதட்டைத் தூக்கிக் காட்டினார். இரண்டாம் வகுப்பு படிக்கிறவன், புதிதாக முளைத்த முன்பற்கள். சாக்பீஸ் தூளை விரலால் இழுத்தது போல மெல்லிய வெள்ளைக் கோடுகள், பழுப்பு இல்லை. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாள்களில் அந்த வீட்டில் சமையலுக்குப் போர் தண்ணீர். காய்ச்சித்தான் கொடுக்கிறோம் என்றாள் மருமகள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அடர்த்திதான் கூடும். "காய்ச்சிக் கொடுங்கள்" என்று ஊர்முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவளே நான்தான் என்பதையும் அவர்களிடம் ஒப்புக்கொண்டேன்.

அறுபது பக்கம் எழுதி அனுப்பினேன். ஒரு வரிக் கருத்தும் இல்லாமல் வெறும் மதிப்பெண் வந்தது. மாமியார்தான் இன்றைக்கும் ரேஷன் கடையில் பார்த்தால் உதட்டைத் தூக்கிக் காட்டி, "எழுதிக்கொண்டாயா?" என்கிறார்.

சம்பளம் உயரவில்லை, பதவி உயர்வும் இல்லை. சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. இதைக் கொண்டு பெயருக்குப் பின்னால் 'உணவியல் நிபுணர்' என்று போட்டுக்கொள்ள முடியாது. சமையற்கூடத்தில் கீரையைக் கழுவிவிட்டு நறுக்குகிறோம், முன்பு நறுக்கிவிட்டுக் கழுவினோம். அயோடின் போகாமலிருக்க உப்பு டப்பாவுக்கு மூடி வந்துவிட்டது.

இப்போது இதே மாதிரிப் படிப்பில் சேர நினைக்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல், நுண்ணுயிரியல், உணவு-ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம், மருத்துவ ஊட்டச்சத்து ஆகியவற்றையும் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாது என்று மானியக் குழு அறிவித்துவிட்டது. சுகாதாரத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருபவை என்பது காரணம். சிறுநீரக நோயாளிக்கு உணவு எழுதித் தருகிறவர் வார்டில் நின்று படித்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என்னைப் போலப் பள்ளிச் சமையற்கூடத்திலும் அங்கன்வாடியிலும் இருப்பவர்கள் இரவில் உட்கார்ந்து படிக்க இருந்த ஒரு வழியும் இதோடு சேர்ந்து அடைபட்டுவிடுமோ என்று கவலைதான். எந்த நிறுவனம் எந்த விளம்பரம் செய்தாலும், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் படிப்பு அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எங்கள் சமையலர் அக்காவின் மகள் கிருஷ்ணகிரியில் நேரடிக் கல்லூரியில் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். என் புத்தகங்கள் இப்போது அவளிடம். கால்சியம் பக்கத்தில் 400ஐ அடித்து 600 என்றும், அதையும் அடித்து 1000 என்றும் நான் பேனாவால் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போனில் கேட்டாள்: "எது சரி சித்தி?"

கடைசியாக எழுதியிருப்பதைப் படி, அதையும் உன் டீச்சரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள் என்றேன்.