‘செல் மட்டும் மாத்தித் தரோம்’ என்கிற கடைகளிடம் கவனம்: மின்ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

கோவையில் எங்களுக்கு நடந்தது இது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

வீட்டுக்காரம்மா வேலைக்குப் போய்வரும் ஸ்கூட்டரில் சார்ஜ் பாதி வழியிலேயே இறங்க ஆரம்பித்தது. கம்பெனி பேட்டரியின் விலை கட்டுப்படியாகவில்லை. பல சிறு லித்தியம் அயன் செல்களைக் கோத்து அடைத்த பெட்டிதான் இந்தப் பேட்டரி பேக். “பேக் அப்படியே இருக்கட்டும் சார், உள்ள புது செல் போட்டுடலாம், ஒரு வருஷம் கேரண்டி” என்றார் கடைக்காரர். பணத்தை வாங்கிக்கொண்டு, பில்லுக்குப் பதில் ஒரு கேரண்டி அட்டையை நீட்டினார். கழற்றிய பழைய செல்களை உதிரியாக ஒரு கேரி பேக்கில் போட்டு, “காயலான் கடையில போடுங்க, காசு கிடைக்கும்” என்று கையில் கொடுத்தார்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு சார்ஜ் போடும்போது பெட்டி கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகியது. ஒருநாள் நெயில்பாலிஷ் ரிமூவர் மாதிரி இனிப்பான நெடி. செல்லுக்குள் இருக்கும் திரவம் கசிந்தால் வரும் வாசனை அது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் வெட்டவெளியில் நிறுத்தினோம்.

மறுநாள், பேட்டரி வேலை தெரிந்த மைத்துனர் பேக்கைத் திறந்தார். எல்லாச் செல்லுக்கும் பளபளவென்று நீல உறை. அதில் கம்பெனி பெயரோ குறியீடோ எதுவும் இல்லை. ஒரு உறையை உரித்தால், அடிப்பாகத்தில் பழைய வெல்டிங் புள்ளிகளும் அரம் போட்டுத் தேய்த்த தடமும். எங்கிருந்தோ கழற்றிய பழைய செல்லுக்குப் புதுச் சட்டை! அதைவிடக் கொடுமை, செல்களைக் கண்காணித்து ஆபத்து வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிஎம்எஸ் போர்டைத் தாண்டி நேராக ஒரு வயர் இழுத்திருந்தார்கள். சமமில்லாத செல்களைப் போட்டால் அந்த போர்டு அடிக்கடி கட் செய்யும். வாடிக்கையாளர் திரும்பி வருவார். அதனால் போர்டையே செயலிழக்க வைத்துவிட்டார்கள்.

இந்த வகைச் செல் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. 13 செல் வரிசையுள்ள 48 வோல்ட் பேக்குக்குச் சார்ஜர் தருவது 54.6 வோல்ட். செல்கள் சமமில்லாமல், தடுக்க போர்டும் இல்லாமல் போனால், நலிந்த செல் முதலில் நிரம்பி, எல்லை தாண்டிச் சூடேறும்; உள்ளே இருக்கும் திரவமோ தீப்பற்றக்கூடியது. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். எங்கள் வண்டியும் இரவில் படுக்கையறைச் சுவரை ஒட்டித்தான் சார்ஜில் நிற்கும். நினைத்தாலே நடுங்குகிறது.

கடைக்காரரிடம் கேட்கப் போனால், “நீங்க திறந்துட்டீங்க, கேரண்டி போச்சு” என்கிறார்.

செல் மாற்றியே ஆகவேண்டும் என்றால், உங்கள் கண்முன்னே போடச் சொல்லுங்கள். உறையில் அச்சிட்ட குறியீட்டைப் படம் எடுத்து, அதை பில்லில் எழுதி வாங்குங்கள். பில் தராதவரிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

பழைய செல்களைக் குப்பைத் தொட்டியில் போடவே கூடாது. லாரியில் நசுங்கினால் அங்கேயே பற்றும். காயலான் கடையிலும் சுத்தியலால்தான் உடைப்பார்கள். இரண்டு முனைக்கும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாமல், காய்ந்த மணல் போட்ட வாளியில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. எங்கள் ஸ்கூட்டர் டீலர் முதலில் மழுப்பினார். விதியைச் சொன்னதும் வாங்கிக்கொண்டார்.

பணம் இன்னும் வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகியிருக்கிறது. இதேபோல் ஏமாந்தவர்கள் பேக்கைத் தூக்கிப் போடாமல், உறை, வெல்டிங் தடம், வயர் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.